அப்பாவும் ராப்சடியும்: வட கரோலினாவில் நாலு நாள்

மே 17, 2024, வெள்ளி: கின்ஸ்டன், ஸ்னோ ஹில்

ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் ராப் பாடகி ராப்சடியின் புது ஆல்பம் போனில் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘ப்ளீஸ் டோன்ட் க்ரை’, 22 பாட்டு. இதற்கு முந்தையது 2019இல் வந்தது. முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மீதியை அவர் பிறந்த ஸ்னோ ஹில்லுக்கே போய்க் கேட்பது என்று ஒரு கிறுக்குத் திட்டம். மோரிஸ்வில்லில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். பத்து வருடமாக இங்கே இருந்தும் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை.

வீட்டுக்காரருக்கு வார இறுதி முழுக்க ஆபீஸில் ரிலீஸ். எனக்கு ராப்சடி ரிலீஸ். மிச்சம் இருந்தது கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு வாரமாக சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா. “நாலு நாள் ஊர் சுத்தப் போலாமாங்கப்பா?” என்றதும் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

கின்ஸ்டன் போகும் வழியில் இரண்டு பக்கமும் தட்டையான வயல். “நிறுத்து கண்ணு” என்றார் அப்பா. ஓரம்கட்டினேன். இறங்கிப் போய்க் குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் நட்ட புகையிலை, ஒரு சாண் உயரம். விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, “பவானிப் பக்கம் வெக்கறதுதான். ஆனா இங்க வரிசை நூல் புடிச்சாப்புல இருக்குது” என்றார். பின்னால் வந்த டிரக்குக்காரர் வேகம் குறைத்து எங்களைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிவிட்டுப் போனார். இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவருக்கும் அந்த இரண்டு விரல் உண்டு.

கின்ஸ்டன், மேசியோ பார்க்கரின் ஊர். ஜேம்ஸ் பிரவுன் பாட்டில் நடுவே “மேசியோ!” என்று ஒரு கத்து கத்துவாரே, அந்த மேசியோ. உண்மையில் பிரவுனுக்கு வேண்டியிருந்தது டிரம் வாசித்த தம்பி மெல்வின்தான். 1964இல் தம்பியைச் சேர்த்துக்கொள்ளும்போது சாக்ஸபோன் அண்ணனும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தார். பிறகு உலகம் பூராவும் கூப்பிட்டது அண்ணன் பெயரைத்தான். அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. “மில்லுலயும் அப்படித்தான். ஒருத்தன் வேணும்னு கூப்புடுவாங்க, அவன் தன் ஆளையும் கூட்டிட்டு வருவான். கடைசில அந்த ஆளுதான் மேஸ்திரி ஆவான்” என்றார். 34 வருடம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

மதியம் பார்பிக்யூ. கிழக்குக் கரோலினாவில் முழுப் பன்றியைக் கட்டைத் தணலில் ராத்திரி பூராவும் வாட்டி, வினிகரும் மிளகாயும் போட்டுக் கொத்திக் கொடுப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். மரக்கட்டை மேல் இரண்டு கையிலும் வெட்டுக்கத்தி வைத்துக்கொண்டு ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். டக்க டக்க, டக்க டக்க, நடுவில் ஒரு வழிப்பு. அச்சு அசல் காந்திபுரம் கொத்து புரோட்டா. “கண்ணை மூடிக்கிட்டா ஊரு” என்றார் அப்பா. ஒரு டிரே 11 டாலர், அதில் கறி, கோஸ் சாலட், தட்டையான சோள ரொட்டி. இரண்டு பேருக்குத் தாராளம். இனிப்பு டீ மட்டும் பாயசம். கவுண்டரில் இருந்த அம்மா எழுபத்தொரு வயது அப்பாவைப் பார்த்து “வேறென்ன வேணும், பேபி?” என்று கேட்டுவிட்டார். அர்த்தம் சொன்னதும் அப்பா காது வரைக்கும் சிவந்துபோய், ஊறுகாய் எதுவும் கிடைக்குமா என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். காரச் சாறு பாட்டிலையே கொண்டுவந்து வைத்தார் அந்த அம்மா.

என் பனியனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைப் பையன் ஒருவன் “கென்ட்ரிக்கா, டிரேக்கா?” என்றான். இரண்டு ராப்பர்களும் பாட்டிலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். இந்த மாதம் அமெரிக்காவில் அந்நியர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான். நான் கென்ட்ரிக் என்றேன். “ஆனா மன்னிப்புக் கேட்டானே நம்ம ஆளு, அதைச் சொல்லு” என்று சிரித்தான். இதே மாநிலத்து ஃபயட்வில்லில் வளர்ந்த ராப்பர் ஜே. கோலைச் சொல்கிறான். கென்ட்ரிக்கைத் தாக்கி ஒரு பாட்டை வெளியிட்டு, இரண்டே நாளில், ஏப்ரல் 7ஆம் தேதி, ராலே டிக்ஸ் பூங்காவில் சொந்த விழா மேடையிலேயே அது தப்பு என்று சொன்னவர். அன்றைக்கு நான் அந்தப் புல்வெளியில் நின்றிருந்தேன். முதலில் ஒரு குழப்பமான அமைதி, பிறகு கைதட்டல். மறுநாள் இணையம் முழுக்க அவரைக் கோழை என்று கிழித்தார்கள். ஒரு மாதம் கழித்து மற்ற இருவரும் அடித்துக்கொண்டதைப் பார்த்தபோது, அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்து “தப்புப் பண்ணிட்டேன்” என்று சொல்லத்தான் கூடுதல் நெஞ்சழுத்தம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது கைமுட்டியை நீட்டினான். அப்பாவும் அவர் பங்குக்கு முட்டினார்.

ஸ்னோ ஹில் வந்து சேர்ந்தபோது மழை. நீதிமன்றக் கட்டடம், நாலு கடை, ஒரு டாலர் கடை, அவ்வளவுதான் ஊர். சிலையும் இல்லை, பலகையும் என் கண்ணில் படவில்லை. பூட்டிய கடை ஒன்றின் முன்னால் நிறுத்தி, ஏசியும் முன்விளக்கும் எரிய, ஆல்பத்தைப் போட்டேன்.

ராப்சடியை எப்படிச் சொல்வது? மர்லானா எவன்ஸ் என்பது பிறந்த பெயர். கல்லூரிக்கு ராலே போனவர். உடம்பைக் காட்டியோ சண்டை இழுத்தோ விற்காத ஆள். கிராமி நியமனம் வாங்கிக் கொடுத்த ஆல்பத்துக்குப் பாட்டி லைலாவின் பெயர். அடுத்து வந்த ‘ஈவ்’ ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரு பெண் பெயர். அதில் முதல் பாட்டு ‘நினா’, அந்தக் காலப் பாடகி நினா சிமோனின் குரலிலேயே ஆரம்பிக்கும். இத்தனை நாள் அவரிடம் எனக்கிருந்த ஒரே குறை, எல்லோரைப் பற்றியும் சொல்கிறாரே, தன்னைப் பற்றி எப்போது சொல்வார் என்பது. இந்த ஆல்பத்தில் அதுதான் நடக்கிறது. அழுகை, காதல், வீட்டில் வயதானவர்களின் மறதி, எல்லாம். எரிக்கா பாடுவும் அவரும் சேரும் பாட்டு வந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

“இத்தன நேரம் அந்தப் புள்ள யாரைத் திட்டுச்சு?”

“யாரையும் இல்லைங்கப்பா. தனக்குத்தானே பேசிக்குது.”

“அதுக்கு எதுக்கு இத்தன வேகம்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரிங் ஃபிரேம் ஓடறாப்புல இருக்குது. நூல் அறுகாம ஓடுது” என்றார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

22ஆவது பாட்டு முடிந்தது. காரும் முடிந்தது. பன்னிரண்டு வயது கார், பேட்டரி சுத்தம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வண்டிக்காரர் தானாக நிறுத்தி, மழையில் நனைந்துகொண்டே கம்பி மாட்டி ஜம்ப் ஸ்டார்ட் பண்ணிக்கொடுத்தார். எதற்காக இங்கே வந்தோம் என்று கேட்டார். சொன்னேன். “அவளுக்காகவா? இந்தியாவிலிருந்தா?” என்று மழையை மறந்து நின்றுவிட்டார். மோரிஸ்வில்லிலிருந்துதான் என்று திருத்த எனக்கு மனசு வரவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அப்பா பையிலிருந்து கைமுறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவர் சீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

மே 18, சனி: கார்பரோ, ஹை பாயிண்ட்

காலையில் கார்பரோவில் காரின் கண்ணாடியை இறக்கியதும் திரும்ப ஏற்றிவிட்டோம். சில்வண்டு. பதிமூன்று வருடத்துக்கு ஒரு முறை மண்ணிலிருந்து வரும் கூட்டம், 2011க்குப் பிறகு இப்போதுதான். மரமெல்லாம் மில் சைரன் மாதிரி ஊதிக்கொண்டிருக்கிறது. காபிக் கடை வாசலில் ஒன்று அப்பாவின் தோளில் வந்து உட்கார்ந்தது. சிவப்புக் கண். “இதுக்கு எங்கிருந்து கணக்கு தெரியும், பதிமூணு வருசம்னு?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே வந்தது நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டனுக்காக. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண். இடதுகைப் பழக்கம். கிடாரின் தந்தியை மாற்றிக் கட்டாமல், அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் மேல் ஸ்தாயி மெட்டைக் கட்டைவிரலும், கீழ்த் தந்திகளை மற்ற விரல்களும் பார்த்துக்கொள்ளும். மற்ற எல்லோருக்கும் நேரெதிர். வீட்டு வேலை செய்து 3.75 டாலர் சேர்த்துச் சொந்தக் கிடார் வாங்கியபோது ஒரு சிறுமி. கல்யாணம், சர்ச் என்று கிடாரை விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து வேலை பார்த்த வீடு ஒரு பாட்டுக்காரக் குடும்பத்தின் வீடாக அமைந்தது. முதல் ஆல்பம் வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கிராமி வாங்கியபோது தொண்ணூறுக்கு மேல். அவர் பெயரில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. அதில் நடந்துகொண்டே நான் குடையைத் தலைகீழாகப் பிடித்து அவர் வாசிப்பை விளக்கியதில், சைக்கிளில் வந்த ஒரு பெண்மணி நாங்கள் உதவி கேட்கிறோம் என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

நெடுஞ்சாலையில் கிரீன்ஸ்பரோ தாண்டும்போது பாடகி ரியானன் கிடென்ஸின் ஊர் என்று சொல்லி, பியான்சேவின் ‘டெக்சஸ் ஹோல்டம்’ போட்டேன். முதலில் வரும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ரியானன் வாசித்தது. பியான்சே ‘கண்ட்ரி’ என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு வந்ததும் அது வெள்ளைக்காரர் சொத்து என்று ஒரு கூட்டம் கொதித்ததே, பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள் செய்துகொண்ட வாத்தியம். ரியானன் இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதிப் பேருக்கு இந்தப் பிப்ரவரியில்தான் காது திறந்தது. அப்பா பாட்டு முழுக்கத் தொடையில் தாளம் போட்டுவிட்டு, முடிந்ததும் தூங்கிவிட்டார்.

ஹை பாயிண்ட் மேசை நாற்காலிகளின் ஊர். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இழுப்பறைப் பெட்டியைக் கட்டி, அதிலிருந்து இரண்டு காலுறை தொங்குவதுபோல் செய்து வைத்திருக்கிறார்கள். காலுறை மில்களும் இங்கே நிறைய இருந்தன என்று காட்ட. அப்பா படம் எடுத்தது அதை மட்டும்தான்.

கொஞ்ச தூரத்தில் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வெண்கலச் சிலை, கையில் சாக்ஸபோன். தூறலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. குழந்தையாக இங்கே வந்து, பள்ளி முடித்து 1943இல் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் கறுப்பர்களின் சர்ச்சில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். இரண்டு மாதம் கழித்து கோல்ட்ரேன் ‘அலபாமா’ என்ற பெயரில் ஒன்றை வாசித்துப் பதிவு செய்தார். வார்த்தையே கிடையாது. ஒப்பாரிக்கும் பிரார்த்தனைக்கும் நடுவில் ஒன்று. குடைக்குள் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “எழவு வீட்ல விடிகாலைல ஒரு சத்தம் வருமே, எல்லாரும் அழுது ஓய்ஞ்சப்புறம், அது” என்றார் அப்பா.

அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் குரு யார் தெரியுமா என்று கேட்டேன். சுவாமி சச்சிதானந்தா. 1971இல் அந்த அம்மா அவர் பெயரிலேயே ஆல்பம் போட்டார். சுவாமி பிறந்தது எங்கள் செட்டிபாளையம்.

“போத்தனூர் தாண்டி வருமே, அந்தச் செட்டிபாளையமா?”

“அதேதானுங்கப்பா.”

அப்பா சிலையை ஒரு தடவை சுற்றி வந்தார். அவருக்கு இப்போது இது சொந்தக்காரர் வீட்டு விஷயம். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, இருபத்தோரு வயதில். ஊர்ப்பேரைத் தேடப் போய் ஆலிஸின் ஹார்ப் சத்தத்தில் மாட்டிக்கொண்டேன்.

ராத்திரி மோட்டல் 94 டாலர். ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை. ஒவ்வொரு முறை அது கட்டியைக் கொட்டும்போதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

மே 19, ஞாயிறு: ட்ரையன்

இரண்டு பேருக்கும் சரியான தூக்கம் இல்லை. வழியில் பெட்ரோல் பங்கில் சியர்வைன் என்ற உள்ளூர்ச் சோடா வாங்கினேன். இந்த மாநிலத்தில் 1917இலிருந்து இருக்கிறதாம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். “பொவோன்டோ!” இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டோம்.

ட்ரையன், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். நினா சிமோன் 1933இல் இங்கே யூனிஸ் வேமன் என்ற பெயரில் பிறந்தார். வீடு மேட்டில் இருக்கிறது. மூன்று அறை, மரப்பலகைச் சுவர், மில் குடியிருப்பில் எங்கள் வீட்டைவிட அகலம் குறைவு. இடிந்து போக இருந்ததை 2017இல் நாலு கறுப்பின ஓவியக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். உள்ளே போக முடியவில்லை, சாலையிலிருந்துதான் பார்த்தோம். எதிர் வீட்டுத் தாத்தா ஒருவர் தாழ்வாரத்திலிருந்து கையாட்டினார். என்ன பார்க்கிறோம் என்று கேட்கவில்லை. பழகியிருக்கும்.

நினாவின் அம்மா சர்ச்சில் போதகர், மற்ற நாள் வீட்டு வேலை. அந்த வீட்டு எஜமானியம்மாதான் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டுப் பியானோ வகுப்புக்குக் காசு கொடுத்தது. தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளைக்காரப் பகுதிக்கு நடந்து போய்க் கற்றுக்கொண்டாள். பதினொன்றோ பன்னிரண்டோ வயதில் ஊர் நூலகத்தில் அரங்கேற்றம் மாதிரி ஒரு கச்சேரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் ஒரு ஜோடிக்காக அவர்களைப் பின்னால் எழுந்து போகச் சொன்னார்கள். அவர்களும் எழுந்தார்கள். இந்தப் பொடிசு பியானோ முன்னால் எழுந்து நின்று, அவர்கள் எனக்குத் தெரிகிற இடத்தில் உட்காராவிட்டால் வாசிக்க மாட்டேன் என்றது. திரும்ப முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்த பிறகுதான் வாசித்தது.

நூலகம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தோம். “எந்த வரிசை?” என்றார் அப்பா. நான் என்னவென்று சொல்ல?

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. நான் ஐந்தாவது படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாடினேன். மில் அதிகாரிகள் குடும்பத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து காக்கி உடுப்போடு வந்த அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வாத்தியார் வந்து காதில் ஏதோ சொன்னார். அப்பா எழுந்து போய் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள்களோடு நின்றார். நான் மேடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாடினேன். ஸ்ருதிகூட விலகவில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பேசியதில்லை.

“நீ அன்னிக்கு நல்லாத்தான் பாடுன” என்றார் அப்பா, கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு.

“உங்களுக்கு அங்க கேட்டுச்சுங்களா?”

“ஸ்பீக்கரே கேட்டுகிட்டதான கட்டியிருந்தாங்க. முன்னால உக்காந்தவங்களுக்குத்தான் சரியா கேட்டிருக்காது.”

சியர்வைன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். சூடாகிப்போயிருந்தது.

ஊர் நடுவில் நினாவின் சிலை. அலைபோல வளைந்து காற்றில் மிதக்கும் பியானோக் கட்டைகள். நெஞ்சுக்குள் ஒரு வெண்கல இதயம், அதில் அவர் சாம்பலில் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். பிலடெல்பியாவின் பெரிய இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பாக இருந்ததால்தான் என்று கடைசி வரை சொன்னார். அட்லாண்டிக் சிட்டி சாராயக் கடையில் வாசிக்கப் போனபோது, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். அதே கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்து இரண்டாவது நாள், 2003 ஏப்ரலில், பிரான்சில் இறந்தார். நேரம் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கோல்ட்ரேன் வாசித்தாரே, அதே நாலு சிறுமிகளுக்காக நினா போட்ட பாட்டு ‘மிசிசிப்பி காட்டேம்’. அது நாடகக் கொட்டகைப் பாட்டு மாதிரி குதித்துக்கொண்டு வரும். சிரிக்கலாமா என்று யோசிக்கும்போது அறை விழும். தெற்கே சில வானொலி நிலையங்கள் இசைத்தட்டை இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினவாம். சிலைக்குப் பக்கத்தில் போனில் போட்டேன். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று கடைசி வரை கேட்டார். முடிந்ததும் “இந்த ஊரில் இதைச் சத்தமாகவே போடலாம்” என்றார். நாய்க்கு அப்பாவின் வேட்டி நுனி பிடித்துப்போய், கொஞ்சம் கிழிந்தது. பாட்டி இருபது டாலர் கொடுக்கப் பார்த்தார். அப்பா கும்பிட்டு மறுத்துவிட்டார். “இருபது டாலர்னா நம்ம காசுக்கு எவ்வளவு?” என்று பிறகு காரில் கேட்டார். ஆயிரத்து அறுநூறுக்கு மேல் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாலு மணி நேரம் ஓட்டி வீடு. நடுவில் ஒரு மணி நேரம் கண் தெரியாத மழை.

மே 20, திங்கள்: வீடு

லீவு போட்டிருந்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. ஆனாலும் ராப்சடியின் எல்பி இசைத்தட்டு வந்திருக்குமா என்று ஒரு ரெக்கார்டு கடைக்குப் போனோம். வரவில்லை. எப்போது வரும் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, போன் நம்பர் எழுதிக்கொண்டார்.

அப்பா பழைய தட்டுப் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை உருவி எடுத்து, “இது நேத்துப் பார்த்த புள்ளதான?” என்றார். ‘நினா சிமோன் இன் கான்சர்ட்’, 1964. உறை மூலையில் யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டம். 24 டாலர். வாங்கிவிட்டேன். வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தட்டை வெளியே எடுத்தார். விளிம்பில் மட்டும் உள்ளங்கை படும்படி பிடித்து, ஜன்னல் பக்கம் சாய்த்தார். மில் யூனியன் ஆபீஸில் ஒரு கிராமபோன் இருந்ததாம், அதை ரிப்பேர் பார்க்கிற வேலையும் அவர் தலையில்தான். வெளிச்சத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் பளபளப்பான கோடுகளை வைத்துப் பாட்டுகளை எண்ணினார். இந்தப் பக்கம் மூன்று. திருப்பினார். அந்தப் பக்கம் நாலு.

“இதுல நேத்துப் போட்டது எது?”

“கடைசிதுங்கப்பா. லேபிளுக்குப் பக்கத்துல.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தட்டை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, அந்த ஒரு விரற்கடை அகலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.